அக்கா நிறுத்தி வைத்த கதை

புதுச்சேரியில் கடலடிக்கு முங்கப் போகுமுன் படகின் விளிம்பில் உட்கார்ந்து, காற்றுக் குழாயை வாயில் கவ்வினேன். வெயிலில் காய்ந்த ரப்பர் வாசனை. உடனே அடி அண்ணாமலை கிராமத்து எங்கள் கிணறு நினைவில் வந்துவிட்டது.

சின்ன வயதில் இடுப்பில் லாரி டியூபோடு நான் அதில் மிதப்பேன். நீச்சல் தெரியாத அக்கா மேல்படியில் உட்கார்ந்து நாவல் படிப்பாள். அப்பா வேலை பார்த்த லாட்ஜில் யாரோ விட்டுப்போன புத்தகம் அது. கடலடியில் முழுகிய ஊரைத் தேடிப் போகும் கப்பல், மாட்டுவண்டி அளவு ஆமை. நாங்கள் இருவருமே கடலைப் பார்த்ததில்லை. கிணற்றுச் சுவரில் மோதி அவள் குரல் பெரிதாகும். கல்லிடுக்குப் பாசியெல்லாம் எனக்குப் பவளமாகிவிடும்.

கப்பல் முழுகும் கட்டத்தில் ஒருநாள் டியூபைக் கழற்றிவிட்டு நானும் முங்கினேன். உள்ளே பச்சை இருட்டு. அக்காவின் குரல் அறுந்துபோயிற்று. மூச்சு முட்டி மேலே வந்தால், தண்ணீரென்றாலே நடுங்குகிறவள் இடுப்பளவு நீரில் இறங்கி நிற்கிறாள். புத்தகத்துக்குள் விரல் அப்படியே இருந்தது.

“எங்கடி போயிட்ட? நீ வரட்டும்னு கதைய நிறுத்தி வச்சிருக்கேன்.”

என்னோடு கடலில் இறங்குகிறவர்கள் பலரும் அந்த மாதிரி நாவல்களை இன்னும் விரும்பிப் படிக்கிறார்கள். அதில் பாதி பொய் என்று கண்ணால் பார்த்தவர்கள்தான். ஆனால் எங்களைக் கடலுக்குள் முதலில் கூட்டிப்போனது அந்தப் பொய்தானே.

அக்கா இப்போது இல்லை. முங்கி எழுந்ததும் எல்லோரும் படகைத் தேடுவார்கள். நான் ஒரு கணம் கிணற்றுப் படிக்கட்டைத் தேடுகிறேன்.