பாட்டுக்காக விட்ட இடம்

தமசுஞ்சாலே ஊர்ப் பள்ளிக்குத் தலைநகரிலிருந்து ஒரு வயலின் ஆசிரியரை அனுப்பினார்கள். அவருக்கு அந்த வட்டாரத்துக் கல்யாண இசையான ஹுவாபாங்கோ வாசிக்கத் தெரியாது. சான்றிதழ் இருந்தது. பதினைந்து வயதிலிருந்து கல்யாண வீடுகளில் ஹுவாபாங்கோ வாசித்துவந்த ஒட்டீலியாவிடம் அது இல்லை. அதனால் முப்பத்தொரு வயதில், ஆரஞ்சு தரம் பிரிக்கும் வேலைக்கு நடுவே, அவள் இசைப்பள்ளி நுழைவுத் தேர்வுக்கு மனுப் போட்டாள்.

மூன்று கேட்டிருந்தார்கள்: மூன்று ஸ்தாயி ஏறி இறங்கும் ஸ்வர வரிசை, ஒரு பயிற்சிப் பாடம், விருப்பப்பட்ட ஓர் உருப்படி. அவள் ஊரில் வயலினை நெஞ்சில் சாய்த்துத்தான் வாசிப்பார்கள். இடது கை வயலினையும் தாங்க வேண்டும். மூன்றாம் ஸ்தாயிக்கு அந்தக் கை ஏறாது. தாடையில் இடுக்கிக்கொள்ளப் பழகினாள்.

"என்னக்கா, பல்வலியா?" என்றான் தம்பி ஃபிதென்சியோ. கல்யாணங்களில் சின்ன கித்தாரோடு பாடுகிறவன் அவன்தான்.

"உன் பாட்டக் கேட்டுக் கேட்டு வந்த வலிடா."

இரண்டு மாதம் ஸ்வரமும் பாடமும்தான். விருப்ப உருப்படியைத் தொடவேயில்லை. தெரிந்த ஹுவாபாங்கோவுக்கு எதற்குப் பயிற்சி?

தேர்வறையில் மூன்று நடுவர்கள். ஸ்வரம் சுத்தமாக ஏறி இறங்கியது. பாடத்தில் ஓரிடம் இடறியது. பிறகு ஹுவாபாங்கோ. தொடக்கத்தை வாசித்து முடித்ததும் வில்லைத் தூக்கிக்கொண்டு நின்றுவிட்டாள். அங்கே பாட்டு வரும். பாடுகிறவன் வாயைத் திறந்தால் வயலின் பேசக் கூடாது. பேசினால் அடுத்த கல்யாணத்துக்குக் கூப்பிட மாட்டார்கள். ஒரு செய்யுளுக்கான நேரம் அறை அமைதியாக இருந்தது.

"மறந்துபோச்சாம்மா? பரவாயில்ல, நீங்க போகலாம்," என்றார் நடுவிலிருந்தவர்.

"மறக்கலங்க. பாட்டு நடக்குது."

"யாரு பாடுறா?"

"தம்பி." சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. "வெளிய நிக்கிறான்."

ஒருவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. "விருப்ப உருப்படிக்கு எட்டு நிமிஷம்னு தாள்ல போட்டிருக்கு. இன்னும் அஞ்சு இருக்கு," என்றாள். மீதியை இடைவெளியே விடாமல் வாசித்தாள்.

மறுநாள் பட்டியலில் பதினோராவதாக, கடைசியாக, அவள் பெயர் இருந்தது. சேருவதற்கு மதிப்பெண் தாளில் கையெழுத்துப் போட வேண்டும். தாளில் 'விருப்ப உருப்படி: நினைவுத் தடுமாற்றம்' என்று எழுதியிருந்தது.

"இது பொய்ங்க," என்றாள் எழுத்தரிடம்.

"இடம் கெடச்சிருச்சேம்மா. அப்புறம் என்ன?"

"கையெழுத்தப் போட்டுரு அக்கா," என்றான் கூட வந்திருந்த ஃபிதென்சியோ. "இடத்தப் புடுங்கிட்டா என்ன பண்ணுவ? மறுபடி ஆரஞ்சுதான்."

"மறதின்னு நானே ஒத்துக்கிட்டா, நம்ம ஊர்ல வாசிக்கிற அத்தன பேருக்கும் மறதின்னுல்ல ஆகும்?"

பேனாவை எடுத்தாள். அந்த வரிக்குக் கீழே, 'மறதி அல்ல. பாட்டுக்காக நிறுத்தினேன். அதுதான் முறை' என்று எழுதி, அதற்கும் கீழே கையெழுத்திட்டாள். எழுத்தர் படித்துப் பார்த்தார். நடுவர்களின் அறைக் கதவைப் பார்த்தார். வரிசையில் பின்னால் பத்துப் பேர் நின்றார்கள். முத்திரையைக் குத்திவிட்டு, "அடுத்து யாரு?" என்றார்.