சத்தமில்லாத காரின் ஹாரன்

எங்கள் அத்தை லீவுக்கு வந்திருக்கிறாள் என்றுதான் எனக்குச் சொல்லப்பட்டது. நான் அப்போது நான்காம் வகுப்பு. எனக்குத் தெரிந்த லீவெல்லாம் கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துபோகிற சோதா லீவுகள். அத்தையின் லீவோ பொங்கலைத் தாண்டியது, முழுப்பரீட்சையைத் தாண்டியது, முடிகிற வழியாகவே தெரியவில்லை. கொடுத்துவைத்தவள் என்று எனக்குப் பொறாமையாக இருந்தது. மற்றவர்கள் லீவுக்கு ஒரு துணிப்பையோடு வருவார்கள். அத்தை ஒரு குட்டியானை வண்டியில் பீரோ, கட்டில், கிரைண்டர் சகிதம் வந்து இறங்கினாள். அந்த வண்டிக்குப் பின்னால் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வரப்பட்டது ஒரு வெள்ளைக் கார்.

அத்தை அப்பாவுக்கு ஒரே தங்கை. மண்ணூர்ப் பக்கம் எங்கள் வீடு. வாசலில் வேப்பமரத்தடியில் காரை நிறுத்தினார்கள். இன்ஜின் ஜாம். ஆயில் மாற்றாமல், தண்ணீர் ஊற்றாமல் ஓட்டியே தீர்த்துவிட்டார்கள் என்று பேசிக்கொண்டார்கள். யார் ஓட்டியது என்று கேட்டால், போய்ப் படி என்பார்கள். காரின் கூரைமேல் கோழி ஏறி உட்காரும். உள்ளே நான் கண்டக்டராக நின்று, தண்டலம், பூந்தமல்லி என்று கூவி டிக்கெட் கிழிப்பேன். அப்பாவுக்கு மட்டும் அந்தக் காரைக் கண்டாலே ஆகாது. ஷிப்டுக்குக் கிளம்பும்போது அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் பைக்கை எடுப்பார். வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறதே என்ற கோபமாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல், பழைய இரும்பு வாங்குகிற காயலாங்கடைக்காரர் வருவார். டயரை ஒரு எத்து எத்துவார். "இன்னாண்ணா, தூக்கிக்கவா? துரு புடிச்சிக்கினே போவுது" என்பார். அப்பா உடனே அத்தையிடம் ஆரம்பிப்பார்.

"பாப்பா, சொன்னா கேளு. எடைக்குப் போட்டுடலாம். அதப் பாத்துக்கினே எத்தினி நாளு உக்காந்துகினு இருப்ப?"

"அது என் வண்டிண்ணா. ஒரு நாளாவது நான் ஓட்டாம குடுக்க மாட்டேன்."

அத்தையிடம் லைசென்ஸ் இருந்தது. கார் வரப்போகிறது என்று தெரிந்ததுமே ஸ்ரீபெரும்புதூர் போய், கற்றுக்கொண்டு வாங்கியது. ஆனால் அந்தக் காரை ஓட்ட மட்டும் அவளை ஒருநாளும் விட்டதில்லையாம். இதுவும் நான் ஒட்டுக்கேட்டதுதான். விடாதது யார் என்று கேட்டதற்கு மறுபடியும் போய்ப் படிக்கச் சொன்னார்கள். அந்த வருஷம் நான் நன்றாகப் படித்ததற்கு அந்தக் கார்தான் காரணம்.

அதற்குள் அத்தை ஒரகடத்தில், கார்களுக்கு வயர் கட்டித் தருகிற ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அங்கே லைனில் நிற்பவர்களுக்கு முதல் பாடம், சொருகு, 'க்ளிக்' சத்தம் கேள், இழுத்துப் பார் என்பதுதான். இழுத்தால் வரக்கூடாது. வந்தால் வேலை சரியில்லை. அந்தப் பழக்கம் அத்தைக்கு வீட்டிலும் தொற்றிக்கொண்டது. கதவைத் தாழ்ப்பாள் போட்டால் இழுத்துப் பார்ப்பாள். கொடியில் துணி போட்டுக் கிளிப் மாட்டினால் இழுத்துப் பார்ப்பாள். எனக்கு ஜடை பின்னி ரிப்பன் கட்டியதும் ஒரு இழுப்பு இழுப்பாள் பாருங்கள், உயிர் போய் உயிர் வரும்.

மாடி ரூமில் தெற்கத்திப் பையன்கள் வாடகைக்கு இருந்தார்கள். அதில் கோவில்பட்டிக்கார அண்ணன் ஒருவருக்கு ஏதோ ஒரு குடோனில் ஃபோர்க்லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. ஒருநாள் படியில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டே காரைப் பார்த்தவர், "யக்கா, எங்க குடோன்ல ஃபோர்க்லிஃப்டு ரெண்டு டன்ன அலுங்காமத் தூக்குது. அதுல என்ன பெட்ரோலா ஊத்துதோம்? பாட்டரிதான" என்றார். சும்மா பேச்சுக்குச் சொன்னதுதான். அத்தை கையிலிருந்த தம்ளரைக் கீழே வைத்தாள்.

அடுத்த ஞாயிறு காயலாங்கடைக்காரர் வந்து டயரை எத்தியபோது, "உங்க கடைல பழைய ஃபோர்க்லிஃப்டு மோட்டாரு கீதா?" என்று கேட்டாள். கார் வாங்க வந்தவர் மோட்டாரை விற்றுவிட்டுப் போனார்.

அப்பா குதித்தார். ஊர் சிரிக்கும் என்றார். கடைசியில், "ஆயுத பூஜ வரிக்கும் டைமு. அன்னிக்கு வண்டி ஓடணும். ஓடலன்னா மறுநாளே காயலாங்கடைக்குப் போயிடும். அப்றம் பேச்சே கூடாது" என்றார். அத்தை சரி என்று தலையாட்டினாள். எனக்கோ என் பஸ் போய்விடுமே என்ற கவலை.

சவுக்குக் கழிகளை முக்காலியாக நட்டுச் சங்கிலி போட்டு, செத்த இன்ஜினை வெளியே தூக்கினார்கள். அப்பா வீட்டுக்குள்ளிருந்து பார்க்காததுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். தொழிற்சாலையில் கனமான அச்சுகளைத் தூக்கி மாட்டுகிறவர் அவர். சங்கிலி ஒரு பக்கமாகச் சாய்ந்ததும் அவருக்குப் பொறுக்கவில்லை. "இப்டியா கட்டுவாங்க? தள்ளு" என்று வந்து, தானே கட்டி, தானே இறக்கிவைத்துவிட்டு, "எனக்கு இதுல இஷ்டமே இல்ல, சொல்ட்டேன்" என்று கையைக் கழுவப் போனார். இஷ்டமில்லாமல் அவர் செய்த வேலைகளைக் கணக்கெடுத்தால் பாதிக் கார் அவர் செய்தது.

மோட்டாரையும் காரின் பழைய கியர்பாக்ஸையும் சேர்க்க லேத்துப் பட்டறையில் ஒரு தகடு கடைந்தார்கள். முதல் தகடு மையம் தப்பிக் காரே குலை நடுங்கியது. மறுபடி கடைந்தார்கள். அத்தை ஓ.டி. பார்த்த பணமெல்லாம் பாட்டரிகளாக வந்து இறங்கின. பானெட்டுக்குள் பாதி, பின்சீட்டுக்கு அடியில் பாதி. மோட்டாருக்குக் கரண்டை அளந்து விடுகிற கன்ட்ரோல் பெட்டி ஒன்றும் பானெட்டுக்குள் ஏறியது. வயர் வேலை முழுக்க அத்தையுடையது. விரல் தடிமன் வயர்கள். ஒவ்வொன்றையும் மாட்டினாள், இழுத்துப் பார்த்தாள். ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு அலைந்த கதை தனி. அதைச் சொல்ல உட்கார்ந்தால் அடுத்த ஆயுத பூஜை வந்துவிடும்.

தெருவில் கேலிக்குக் குறைவில்லை. பாட்டரி தீர்ந்தால் பெட்டிக்கடையில் செல் வாங்கிப் போடுவியா என்று கேட்டார்கள். அத்தை, "ஆமா, உங்க வூட்டு ரிமோட்டுல ரெண்டு கயட்டிக் குடுங்க" என்பாள்.

ஆயுத பூஜை வந்தது. தெரு முழுக்கக் கழுவின பைக்கும் சைக்கிளும், சந்தனமும் குங்குமமுமாக நின்றன. கம்பெனிகளில் முதல்நாளே கொடுத்த பொரிப் பொட்டலங்கள் வீட்டுக்கு வீடு குவிந்திருந்தன. காருக்குப் பூஜை போடுகிற பொறுப்பை அம்மா எடுத்துக்கொண்டாள். அம்மா எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டாள். பானெட்டைத் திறந்து ஒவ்வொரு பாட்டரிக்கும் பொட்டு வைத்தாள், மோட்டாருக்குப் பட்டை போட்டாள். வாழைக்கன்று கட்டி, மல்லிகைச் சரத்தை மூலை முடுக்கெல்லாம் சுற்றினாள். சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. காயலாங்கடைக்காரரும் வந்திருந்தார். பூஜைக்குத்தான் வந்தேன் என்றார். அவருடைய குட்டியானையும் பூஜைக்குத்தான் வந்திருந்தது போலிருக்கிறது, தெருமுனையில் காலியாக நின்றது.

அத்தை உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். மிதித்தாள். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி திருப்பினாள். எலுமிச்சம்பழம் எலுமிச்சம்பழமாகவே இருந்தது. அப்பா தரையைப் பார்த்தார். தெரு மொத்தமும் பொரி மெல்வதை நிறுத்திவிட்டது.

மாடி ரூம் அண்ணன் ஓடிவந்தார். "யக்கா, மிதியில கால வச்சிக்கிட்டே சாவி போட்டா இது நவுராது. யாரோ தெரியாம மிதிச்சிட்டாவன்னு பெட்டி நிப்பாட்டிரும். ஃபோர்க்லிஃப்டுல அது ஒரு பாதுகாப்பு. கால எடுத்துட்டுப் போடுங்க."

"கால எடுத்துட்டுத்தான் போட்டேன்."

"அப்ப வேற யாரு மிதிக்கா?"

"சாமிதான் மிதிக்குது" என்றாள் எதிர்வீட்டம்மா. ரெண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். காயலாங்கடைக்காரர் மட்டும் தெருமுனையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

அத்தை இறங்கி வந்தாள். பானெட்டுக்குள் கையை விட்டு, இந்த ஓரத்திலிருந்து ஒவ்வொரு வயராக இழுக்க ஆரம்பித்தாள். எதுவும் அசையவில்லை. கடைசியில் மிதியிலிருந்து வரும் கம்பி சேர்கிற இடத்துக்கு வந்தாள். மிதியை எவ்வளவு அழுத்துகிறோம் என்று பெட்டிக்குச் சொல்கிற சின்னக் கைப்பிடி ஒன்று அங்கே உண்டு. அதன் பக்கத்தில் எதையோ இழுத்தாள், கையோடு வந்தது. வயர் இல்லை, மல்லிகைச் சரம். அந்தக் கைப்பிடியையும் பக்கத்துப் பாட்டரியையும் சேர்த்து இறுக்கி முடிச்சுப் போட்டு, மேலே அழகாக ஒரு பொட்டும் வைத்திருந்தது. காலையிலிருந்து காரை மிதித்துக்கொண்டிருந்தது அந்தப் பூதான்.

"அது மூக்காட்டம் நீட்டிக்கினு இருந்திச்சி, அதான் கட்டினேன்" என்றாள் அம்மா. அழுதுவிடுவாள் போலிருந்தது. அண்ணன் கத்தியை எடுத்தார். "சாமிக்குக் கட்டுன பூவ அறுக்கக் கூடாது" என்று அம்மா தடுத்தாள். அத்தை கத்தியை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, "நீங்களே அவுத்துடுங்க அண்ணி" என்றாள். அம்மா முடிச்சை அவிழ்த்து, அந்தப் பூவை அத்தையின் தலையிலேயே வைத்துவிட்டாள். எதிர்வீட்டம்மா, "இவளுக்கா பூ?" என்று ஆரம்பித்து, அம்மா திரும்பிப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள்.

அத்தை மறுபடி ஏறினாள். சாவி, மிதி. ஒரு சத்தமும் இல்லை. நாலு எலுமிச்சம்பழங்களும் நசுங்கின.

"இன்னும் ஸ்டார்ட்டே பண்லியே" என்றார் காயலாங்கடைக்காரர்.

"ஓடிக்கினு கீதுய்யா" என்றார் அப்பா. சொல்லிக்கொண்டே காருக்குப் பக்கத்தில் நடந்தார்.

தெருவே கூடவே ஓடியது. குன்றத்தூர் மலைக்குப் போய் முருகனைப் பார்த்துவிட்டு வருவது என்று முடிவாயிற்று. அப்பா முன்னால் ஏறிக்கொண்டார். பின்னால் நானும் அம்மாவும். கரண்டு மேல உக்காரச் சொல்றாங்களே என்று அம்மா கோரைப்பாயை நாலாக மடித்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். "யக்கா, போயிட்டு நேரா வந்துரணும். வேற எங்கயும் சுத்தக்கூடாது. சார்ஜ் அவ்ளோதான் நிக்கும்" என்று அண்ணன் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

மலைப்பாதை ஏற்றத்தில் எங்களுக்கு முன்னால் ஒரு பெட்ரோல் கார் முக்கி முனகிக்கொண்டு ஏறியது. நாங்கள் மூச்சுக்கூட விடாமல் அதன் பின்னாலேயே ஏறினோம். அத்தை கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது, துடைக்கவில்லை. மேலே போய் நின்றதும் அப்பா இறங்கி வந்து பானெட்டைத் தொட்டுக் கும்பிட்டார். முருகனை அதற்கப்புறம்தான் கும்பிட்டார்.

திரும்பும்போது அத்தை பெரிய ரோட்டை விட்டு ஒரு தெருவுக்குள் திருப்பினாள். "அத்தே, நேரா வரச் சொன்னாரே அந்த அண்ணன்" என்றேன். அம்மா என் தொடையைக் கிள்ளினாள். அப்பா சட்டைக் காலரை நேராக இழுத்துவிட்டுக்கொண்டார்.

பச்சை கேட் போட்ட ஒரு வீட்டுக்கு முன்னால் நிறுத்தினாள். சத்தமே இல்லாமல் வந்து நின்றதால் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அத்தை ஹாரனை அடித்தாள். பனியன் போட்ட ஒருவர் கையில் சந்தனக் கிண்ணத்தோடு வெளியே வந்தார். காரைப் பார்த்தார். அத்தையைப் பார்த்தார். பிறகு புகை வருகிறதா என்று பார்க்கிறவர்போலக் காரின் பின்பக்கம் எட்டிப் பார்த்தார். அங்கே சைலன்சரே இல்லை.

"குன்றத்தூர் கோயிலுக்கு எப்டிங்க போணும்?" என்று அத்தை கேட்டாள்.

அவர் சந்தனக் கையாலேயே தலையைச் சொறிந்தார். பாவம், வழி தெரியவில்லை என்று நினைத்து, "அத்தே, அங்கேர்ந்துதான வரோம்" என்று நான் எடுத்துக்கொடுத்தேன்.

"அட, ஆமால்ல" என்றாள் அத்தை. அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். கார் நகர்ந்தது. அப்போது அப்பா பக்கத்திலிருந்து கையை நீட்டி ஹாரனை அழுத்தினார். அழுத்தியவர் எடுக்கவே இல்லை. தெருவில் எல்லா வீட்டிலிருந்தும் ஆட்கள் வெளியே வந்துவிட்டார்கள்.

அத்தை லீவுக்குக் கிளம்பி வந்த வீடு அதுதான் என்பதும், அந்தப் பனியன்காரர்தான் விவரம் தெரிந்து நான் பார்த்தேயிராத என் மாமா என்பதும் எனக்குக் காலேஜ் போகிற வயதில்தான் தெரிந்தது. மாப்பிள்ளை பார்த்தது அப்பா. ஏரி ஓரத்து நிலத்தை விற்று அந்தக் காரைக் கல்யாணச் சீராகக் கொடுத்ததும் அப்பா. பைக்கை ஏன் அப்படிக் காருக்கு முதுகு காட்டி எடுத்தார் என்பதும் அப்போதுதான் புரிந்தது.

அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் மீட்டர் முள் சிவப்பில் படுத்துக்கிடந்தது மட்டும்தான். முன்சீட்டுக்கு எக்கி, "ஹாரன் நல்லாத்தான்பா அடிக்குது. எத்தினி வாட்டி டெஸ்ட் பண்ணுவ? பாட்டரி தீந்துடப் போவுது" என்றேன்.

"தீந்தா தீரட்டும்மா. வூடு வரிக்கும் நான் தள்ளிக்கினு வரேன்" என்றார் அப்பா. காரைத் தள்ளுவதில் ஒரு மனுஷனுக்கு இவ்வளவு சந்தோஷம் என்ன இருக்கமுடியும் என்று எனக்கு விளங்கவே இல்லை.