அவர் இல்லாத நாட்களின் மாத்திரை

என் கணவர் லாரி ஓட்டுபவர். கவரைப்பேட்டையில் நாங்கள் இருந்த வாடகை வீட்டுக்கு மாதத்தில் சில நாள்தான் வருவார். அந்த நாட்களில் மட்டும் நான் கருத்தடை மாத்திரை போட்டுக்கொள்வேன். ஒருமுறை நாள் தள்ளிப்போகவும் பயந்துபோய் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். சோதித்துப் பார்த்த நர்ஸ், கரு இல்லை என்றார். நான் மாத்திரை போடும் விதத்தைக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"அவரு ஊட்ல இருந்தாலும் இல்லன்னாலும் தெனம் போடணும்மா. நடுவுல உட்டா வேலை செய்யாது. ஒருநாள் மறந்துட்டா, ஞாபகம் வந்ததும் போட்டுக்கோ."

அன்றிலிருந்து தினமும் கம்பெனி வேலை முடிந்து வந்து, தனியாகச் சாப்பிட்டு, தவறாமல் மாத்திரை போட்டேன். விழுங்கும்போதுதான் வீடு காலியாக இருப்பது உறைக்கும்.

தினமும் மாத்திரை போடுவதைப் போனில் கணவரிடம் சொன்னேன்.

"நான் வர இன்னும் நாளாவுமே, இப்ப இன்னாத்துக்கு?" என்றார்.

நர்ஸ் சொன்னதைச் சொன்னேன்.

"அப்போ தெனம் என்னை நெனச்சிக்கினுதான் இருக்கற" என்று சிரித்தார்.

ஆமாம் என்று சொல்வதற்குள் லைன் கட்டாகிவிட்டது.