உத்திரத்துக்குக் கீழே ஒரு கட்டில்

புது வீடு கட்டுகிற எஞ்சினியருக்குப் பயம் கடைசியில் வரும். பழைய கட்டடத்தில் கை வைக்கிறவனுக்கு வாசலிலேயே வந்துவிடும். ராஜபாளையத்தில் நல்ல பிழைப்பு எத்தனையோ இருக்க, இந்த இரண்டாவதைத் தேடிப் பிடித்தவன் நான். உங்களில் யாராவது பெரிய கல்லுக்கு அடியில் நின்று அண்ணாந்து பார்த்திருந்தால் நான் சொல்வது புரியும்.

அண்ணாச்சியின் தூண்

ஸ்ரீவில்லிபுத்தூரில் ரெங்கராஜன் அண்ணாச்சியின் வீடு ஒரு காலத்தில் சாமியார்கள் தங்கிய கல்மடம். பாண்டியர் காலத்தது என்பார்கள். சாமியார்களின் சின்னச் சின்ன அறைகள் அடுப்படியும் ஸ்டோர் ரூமும் ஆகிவிட்டன. தூண் மண்டபத்தில் பாதி ஹால். மீதியைச் சுவர் வைத்துத் தடுத்துப் படுக்கையறை.

டிவியை மறைக்கிறது என்று ஹாலில் ஒரு தூணை எடுக்கத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார். "இதில் சிமெண்டும் இல்லை, கம்பியும் இல்லை. தூண் மேல் உத்திரம், அதன் மேல் கூரைக் கல், எல்லாம் எடையில் நிற்கிறது. ஒன்றை உருவினால் மற்றதும் கூடவே வரும்" என்றேன். அண்ணாச்சி சிரித்தார். "அது பாட்டுக்குச் சும்மாதான தம்பி நிக்குது? எடுத்தா என்ன கேக்கவா போகுது?"

அட்டைக்கு மேலே

எதற்கும் பார்ப்போம் என்று படுக்கையறையின் பால்ஸ் சீலிங்கைக் கழற்றச் சொன்னேன். கொத்தனார் மாரியப்பன் ஏணியில் ஏறி ஒரு அட்டையை இறக்கினார். உத்திரக் கல்லின் நட்டநடுவில் ஒரு கீறல். விளக்குமாற்றுக் குச்சியை அதில் விட்டார். அது போய்க்கொண்டே இருந்தது. நேர் கீழே, அண்ணாச்சியின் மனைவி கோதையக்காவும் மகளும் படுக்கிற கட்டில்.

மாரியப்பன் சத்தமில்லாமல் இறங்கினார். "சார், மொதல்ல கட்டில வெளிய இழுப்போம். பொறவு பேசுவோம்."

மோட்டார் சுவிட்ச்

மேலே என்ன பாரம் இருக்கிறது என்று பார்க்க மொட்டை மாடிக்கு ஓடினேன். அந்த உத்திரத்துக்கு நேர் மேலே செங்கல்லில் கட்டிய தண்ணீர்த் தொட்டி. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, தண்ணீர் விளிம்புக்கு வந்துவிட்டது. "மோட்டாரை நிறுத்துங்க!" என்று கத்தினேன். அதே நேரம் காலுக்கு அடியில் 'டக்' என்று ஒரு சத்தம். அடுத்த அடியை எங்கே வைப்பது என்று தெரியாமல் அப்படியே நின்றேன்.

சுவிட்ச் இருந்ததோ அந்தப் படுக்கையறையில். அண்ணாச்சி உள்ளே பாய்ந்தார். கோதையக்கா அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்துவிட்டு, வாசலுக்கு ஓடி மெயின் பியூஸைப் பிடுங்கினார். மோட்டார் நின்றது. "சுவிட்ச அமத்தப் போறாராம்ல! உள்ள போனா திரும்பி வருவியளா?" என்றார்.

முட்டுக் கொடுத்தது

தொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டோம். ஆனாலும் முட்டுக் கொடுக்க யாராவது உள்ளே போயாக வேண்டும். நானும் மாரியப்பனும் இரும்பு ஜாக்கிகளோடு போனோம். திருகத் திருகக் கல்பொடி பிடரியில் உதிர்ந்தது. துடைக்காமல் திருகினோம். கடைசி ஜாக்கி இறுகியதும் இருவரும் தெருவரைக்கும் வந்துதான் மூச்சு விட்டோம்.

"உள்ள வச்சு என்னமோ சொன்னீங்களே சார், என்னது? எனக்கு நெஞ்சு அடிச்ச அடியில ஒண்ணுமே கேக்கல" என்று கேட்டார் மாரியப்பன். "வீட்டில் சொல்லிவிட்டு வந்திருக்கலாம் என்றேன்" என்றேன்.

கல் நிற்கும்

குடும்பத்தைச் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, தொட்டியை இடித்து, உத்திரத்துக்கு அடியில் இரும்பு கர்டர் கொடுத்தோம். குடும்பம் திரும்பி வந்த பிறகு ஒருநாள் பார்க்கப் போனேன். கர்டர் அசையவில்லை, ஹாலில் அந்தத் தூணும் இருந்த இடத்திலேயே நின்றது. ஆனால் கட்டில் முற்றத்தில், வானத்துக்கு அடியில் கிடந்தது. ஏன் என்று கேட்டேன். கோதையக்கா சொன்னார்: "கல்லு நிக்கும்னு நீங்க சொல்லுதிய தம்பி, நானும் நம்புதேன். கண்ணுதான் நம்ப மாட்டேங்கு, மூடவே மாட்டேங்கு."

உலகத்தைத் துறந்தவர்கள் தங்கிய கட்டடத்தில் வேலைக்குப் போகிறவன், வீட்டில் எல்லோரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவது நல்லது.