பங்காளிக்குக் கால் நூல், நமக்கு அரை நூல்

பொன்னழகு என்ற பேரை நான் முதன்முதலில் கேட்டது என் கல்யாணத்தன்றைக்கு. சீனாக்காரனோடு சண்டை நடந்த வருஷம் அது. மாப்பிள்ளை சொந்தமாகப் பிளசர் கார் வைத்துக் காரைக்குடியில் வாடகைக்கு ஓட்டுகிறார் என்றுதான் என் அப்பா என்னைக் கண்டரமாணிக்கத்தில் கட்டிக்கொடுத்தார். தாலி கட்டி முடிந்து எங்களை ஏற்றிக்கொண்டு கிளம்ப வேண்டிய அந்தக் கார், வாசலில் நின்று இருமிக்கொண்டிருந்தது. எஞ்சினைக் கிளப்ப முன்னால் நின்று மாறி மாறி ஹேண்டில் போட்டுச் சுற்றியதில் ஆட்களுக்கு வேட்டி அவிழ்ந்ததுதான் மிச்சம்.

"அட, பொன்னழகக் கூப்பிடுங்கப்பா" என்றது ஒரு குரல். என் வீட்டுக்காரர் முகம் சுண்டிப்போனதைத் தலை குனிந்திருந்த நானே பார்த்துவிட்டேன். புகுந்த வீட்டு வாசலில் நான் பொன்னழகு காரில்தான் போய் இறங்கினேன். அன்றைக்குப் பிடித்தது எனக்கும் அந்தப் பங்காளிக் காய்ச்சல்.

என் மாமனாரும் பொன்னழகின் அப்பாவும் அண்ணன் தம்பி பிள்ளைகள். பொன்னழகு என் வீட்டுக்காரரைவிடச் சில மாதம் இளையவர் என்பதால் எனக்கு அவர் கொழுந்தன், அவருக்கு நான் மதினி. இரண்டு பேரிடமும் ஒரே மாதிரி கார். செட்டியார் வீடுகளில் ஓட்டிக் கழித்த வண்டிகள்தான். ஆனால் பொன்னழகு வண்டி ஆறு பேரை ஏற்றிக்கொண்டு கொடைக்கானல் மலையில் மூச்சு வாங்காமல் ஏறும். எங்கள் வண்டி பாதி மலையில் நின்று ஆவி விடும். அதனால் தேவகோட்டை நாகவல்லி ஆச்சி கோடைக்கு மலைக்குப் போகும்போதெல்லாம் பொன்னழகைத்தான் கூப்பிடுவார். ஒரு வருஷம் ஆச்சிக்கே மனசு மாறியது.

"ஏப்பா தங்கச்சாமி, நீயும் கேட்டுக்கிட்டே இருக்க. இந்தத் தடவை ஓன் வண்டியப் பாப்போம். நடுமலையில என்னைய எறக்கி விட்றாதே. நின்னா அதுதான் கடைசி" என்றார்.

தங்கச்சாமி என் வீட்டுக்காரர் பேர். அன்று முழுக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை. பொன்னழகு வண்டியில் அப்படி என்ன இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டு நேரே மீனாட்சிசுந்தரம் ஆசாரியின் லேத் பட்டறைக்குப் போனார். ஹெட்டைக் கால் நூல் சீவியிருக்கிறது, அவ்வளவுதான் என்றார் ஆசாரி. நூல் என்பது பட்டறைக் கணக்கு, அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு.

ஹெட் என்றால் எஞ்சினுக்கு மேல் மூடி. கவிழ்த்துப் போட்ட பணியாரச் சட்டி போல அடியில் குழி குழியாக இருக்கும். பெட்ரோலும் காற்றும் அந்தக் குழிக்குள் நெருக்குண்டு வெடித்தால்தான் வண்டி ஓடும். சட்டியின் விளிம்பைத் தேய்த்தால் குழி ஆழம் குறையுமல்லவா? அதுபோலத்தான். இடம் குறைந்தால் நெருக்கம் கூடும், நெருக்கம் கூடினால் இழுவை கூடும். மூடிக்கும் எஞ்சினுக்கும் நடுவில் கேஸ்கட் என்று ஒரு தகடு. அது தடித்தால் இடம் கூடும், மெலிந்தால் குறையும்.

எங்கள் பக்கத்தில் பங்காளி வீட்டுச் சுவர் பத்து வரிச் செங்கல் என்றால் நம் சுவர் பதினோரு வரியாக எழும்பும். பங்காளி மகள் சீரில் எத்தனை அண்டா உண்டோ, அதற்கு மேல் ஒன்று நம் மகள் சீரில் இருக்கும். என் வீட்டுக்காரர் எஞ்சினையும் அந்தக் கணக்கிலேயே பார்த்தார்.

"அவனுக்குக் கால் நூல்னா எனக்கு அரை நூல் சீவுங்க ஆசாரி."

"சீவுனதத் திரும்ப ஒட்ட முடியாது தம்பி."

"ஒட்டச் சொல்லி வரமாட்டேன், சீவுங்க."

கேஸ்கட்டையும் இருப்பதிலேயே மெலிசாகப் பார்த்து வாங்கி மாட்டினார். வண்டி தெருமுனை தாண்டும் முன்பே, கொட்டாங்கச்சிக்குள் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கியது போல எஞ்சினுக்குள் சத்தம். "வேகம் அப்பிடி" என்றார். எனக்கும் அது வேகமாகத்தான் கேட்டது.

ஆச்சி புறப்படுவதற்கு முதல் நாள் காலை, முன்னால் நின்று ஹேண்டில் போட்டார். எஞ்சின் திருப்பி உதைத்தது. ஹேண்டில் எதிர்ப்பக்கம் சுழன்று மணிக்கட்டில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் அடுப்படியில் இருந்த எனக்குக் கேட்டது.

நாட்டுக்கட்டுப் போட்டுக் கட்டிலில் படுத்திருந்தவரைப் பார்க்கப் பொன்னழகு வந்தார்.

"அண்ணன் கை எப்பிடி இருக்கு மதினி?"

"கை இருக்கு கொழுந்தனாரே. நாளைக்கு மலைக்கு ஒங்க வண்டிதானே? சந்தோசமாப் போயிட்டு வாங்க."

"ஆச்சி சொன்னது இந்த வண்டியை. சீடைக்குப் பெசஞ்ச மாவு இருந்தா ஒரு உருண்டை குடுங்க."

"என்ன, பசிக்குதா?"

"எனக்கில்ல, எஞ்சினுக்கு."

கட்டிலில் இருந்து என் வீட்டுக்காரர் கத்தினார்: "ஏன் வண்டியத் தொட்டேன்னா நடக்கிறது வேற!"

"தொட்டா என்ன செய்வீக அண்ணே, ஒத்தக் கையாலயா அடிப்பீக?" என்று சிரித்துக்கொண்டே ஹெட்டைக் கழற்றிவிட்டார்.

முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் மாவைக் கொடுத்தேன். பிஸ்டன் தலையில் மாவை அப்பி, மூடியை முறுக்கி, ஹேண்டிலை மெல்ல ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி கழற்றினார். மாவு அப்பளமாக நசுங்கியிருந்தது. அதைக் கொண்டுவந்து கட்டிலுக்கு நேரே தூக்கிக் காட்டினார்.

"பாருங்க அண்ணே. உள்ள இவ்வளவுதான் எடம். இப்பிடி நெருக்குனா அது ஒதைக்காம கொஞ்சவா செய்யும்?"

சீவின இரும்பை ஒட்ட முடியாதுதான். கேஸ்கட்டைத் தடிமனாக்கலாமே. ஆசாரியிடம் போய்ச் செம்புத் தகட்டில் அதே அளவுக்கு இன்னொன்று வெட்டி வாங்கிவந்து, இருந்ததோடு சேர்த்து அடுக்கிப் போட்டார். இரண்டாவது உருண்டை மாவு அடை கனத்துக்கு வந்தது. வண்டியைக் கிளப்பினார். கூழாங்கல் சத்தம் இல்லை. மாவு என்னுடையது, வண்டி எங்களுடையது. ஆனால் வாசலில் கூடியிருந்தவர்கள் எல்லாரும் அவர் முகத்தைத்தான் பார்த்தார்கள்.

மறுநாள் அவரே ஆச்சியை எங்கள் வண்டியில் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போனார். எங்கேயும் நிற்கவில்லையாம். திரும்பும் வழியில் ஆச்சி எங்கள் வாசலில் வண்டியை நிறுத்தச் சொன்னார். ஒரு நல்ல வார்த்தை வரும் என்று நான் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு ஓடினேன்.

"தங்கச்சாமி, பொன்னழகு எந்த வண்டியில உக்காந்தாலும் மலை தானா எறங்கி வந்துருதுப்பா. வார வருசமும் ஓன் வண்டியே வரட்டும். அவனையே ஓட்டச் சொல்லு."

அப்படியே நடந்தது. கட்டுப் பிரித்தபோது என் வீட்டுக்காரர் மணிக்கட்டு கோணிப்போயிருந்தது. உள்ளூர் ஓட்டத்துக்குத்தான் அவரால் முடிந்தது. மலைக்கு வருஷா வருஷம் பொன்னழகு, அதுவும் எங்கள் வண்டியில். பின்னால் அதை விற்கப் போனபோது வாங்க வந்தவன், "இது பொன்னழகு வண்டிதானே?" என்று கேட்டான். விலை படியவில்லை என்று சாக்குச் சொல்லி அவனைத் திருப்பி அனுப்பினேன்.

எமர்ஜென்சி வருஷம் என் வீட்டுக்காரர் காலமானார். துட்டி கேட்க வந்தவர்கள் என்னிடம் பாதி அழுதார்கள், பொன்னழகைக் கட்டிக்கொண்டு மீதி அழுதார்கள். அதில்கூட எனக்கு முழுசாகக் கிடைக்கவில்லை.

இப்போது பொன்னழகு நாட்டரசன்கோட்டையில் மகள் வீட்டில் இருக்கிறார். எனக்கு முழங்கால் இரண்டும் போய்விட்டன. அவருக்கு இன்னும் கண்ணாடிகூடக் கிடையாதாம்.