மஞ்சள் ஒட்டுப் போட்ட படங்கு

ஹட்டனில் ஒரு தையல் கடையில் வேலை செய்கிறேன். வருகிற பிள்ளைகள் போனில் படம் காட்டுவார்கள். கறுப்பு வெள்ளைப் படத்தில் கதாநாயகி போட்ட பஃப் கை வேண்டும் என்பாள் ஒருத்தி. நேற்று வந்த படத்தில் உள்ள கழுத்து வேண்டும் என்பாள் இன்னொருத்தி. எந்தக் காலத்து உடுப்பானாலும் அளவெடுத்துத் தைத்துக் கொடுத்துவிடுவேன். அந்த ஆசை எனக்கு விளங்கும். எனக்கும் இருந்தது. அதனால் நான் செய்த ஒரு காரியத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அப்போது எனக்கு ஒன்பது வயது. டயகமப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். அம்மா கொழுந்து பறிக்கப் போவாள். பள்ளிக்கூடத்தில் சிறுவர் தினத்துக்கு வினோத உடைப் போட்டி வைத்தார்கள். சினிமாவில் பார்த்த உடுப்பாக இருக்க வேண்டும், பழைய படமோ புதுப் படமோ அவரவர் விருப்பம் என்று டீச்சர் சொன்னார்.

லயத்து வரிசை வீடுகளில் எங்களுக்கு அடுத்த வீடு பெரியம்மாவுடையது. அங்கே டீவி இருந்தது, சீடி போட்டுப் பார்க்கலாம். தேயிலை மலையில் பாட்டு வருகிற படங்களாகப் பார்த்தேன். கறுப்பு வெள்ளைப் படத்தில் கதாநாயகி இடுப்பில் படங்கு கட்டி, தலையில் துண்டு போட்டிருந்தாள். செடி குத்தாமல், மழை நனைக்காமல் இருக்க எங்கள் பெண்கள் சேலைக்கு மேலே கட்டுகிற தடித்த துணிதான் படங்கு. அதைப் பார்க்கவா டீவி என்று சீடியை மாற்றினேன். கலர் வந்த காலத்துப் படத்தில் முழங்கால் வரை சிவப்புப் பாவாடை, காதோரம் பூ, பூப் பறிக்கிற அளவுக்கு ஒரு கூடை. ஒரு கொழுந்தைக் கிள்ளி, மோந்து பார்த்து, கூடையில் போட்டு ஆடினாள். அதுதான் எனக்குப் பிடித்தது.

அம்மாவிடம் சொன்னேன். அம்மா சிரித்தாள்.

"அந்தப் பாவாடையோட மலைக்குப் போனா அட்டை சும்மா விடுமா? தொடை வரைக்கும் ஏறிருமே."

"இது சினிமாம்மா. சினிமாவுல அட்டை இல்ல."

"அப்ப அந்த மலைக்கு என்னைய மாத்தி விடச் சொல்லு."

சிரித்தாலும், தன் பழைய சிவப்புச் சேலையில் எனக்குப் பாவாடை தைத்துக் கொடுத்தாள். கையாலேயே தைத்தாள். அத்தோடு நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தன் படங்கைச் சவுக்காரம் போட்டுத் துவைத்து அடுப்புப் பக்கம் காய வைத்தாள். இடுப்பு மடிப்பில் கிழிந்த இடத்துக்கு மஞ்சள் மழைக்கோட்டில் வெட்டிய ஒட்டுப் போட்டிருந்தாள்.

"பாவாடைக்கு மேல இதையும் கட்டிக்க புள்ள. அப்பத்தான் கொழுந்து எடுக்குற பொம்பள மாதிரி இருக்கும்."

"சீ. அது நாறுது. அதைக் கட்டுனா நான் ஒன்னைய மாதிரி இருப்பேன்."

அம்மா படங்கை மடித்து வைத்தாள்.

போட்டியன்று எங்களை மேடைக்குப் பக்கத்தில் வரிசையாக நிற்க வைத்தார்கள். எனக்கு முன்னால் கணக்கப்பிள்ளையின் மகள். எங்கள் பெண்களின் கொழுந்தை நிறுத்துப் பெயர் போடுகிறவர் அவர். அவள் கறுப்பு வெள்ளைப் படத்துக் கதாநாயகியாக வந்திருந்தாள். தலையில் துண்டு, முதுகில் பெரிய கூடை, இடுப்பில் படங்கு. மஞ்சள் ஒட்டைப் பார்த்தேன். அம்மாவுடைய படங்கு அது. அவளுடைய அம்மா கேட்டிருப்பார், என் அம்மா கொடுத்திருக்கிறாள். அவர் கேட்டு யார் இல்லை என்பார்கள்?

அவள் மேடையில் ஆடவில்லை. இரண்டு கையாலும் மளமளவென்று கிள்ளி, பிடி நிறைந்ததும் திரும்பிப் பார்க்காமல் தோளுக்கு மேலே கூடைக்குள் போட்டாள். நடுவில் குனிந்து, காலில் ஏறிய அட்டையைப் பிய்த்துச் சுண்டி எறிந்தாள். மண்டபம் அதிரச் சிரித்தது. கொழுந்து எடுக்கும் பெண்கள்தான் அதிகம் சிரித்தார்கள். அம்மா எடுப்பது போலவே எடுத்தாள். என் அம்மாவை அவள்தான் கவனித்துப் பார்த்திருக்கிறாள்.

அடுத்து நான். பாட்டைப் போட்டார்கள். ஒரு கொழுந்தைக் கிள்ளி மோந்து பார்த்து ஆடினேன். பின்னாலிருந்து ஒரு கிழவர், "பாப்பா, இப்பிடிப் பறிச்சா அரைப்பேருதான் விழும்" என்று சத்தம் போட்டார். அரைப்பேர் என்றால் பாதி நாள் சம்பளம். அதற்கும் சிரித்தார்கள்.

முதல் பரிசு அவளுக்கு. போட்டியில் நின்ற எல்லாரையும் மேடைக்குக் கூப்பிட்டார்கள். டீச்சர் யாழ்ப்பாணத்துக்காரர். படங்கைத் தொட்டுப் பார்த்து, மைக்கிலேயே கேட்டார்.

"நல்லாச் செய்தனீர் பிள்ளை. இது ஆருடைய உடுப்பு? குடுத்தவ இஞ்ச வந்திருந்தா அவவையும் மேடைக்குக் கூப்பிடுவம்."

"லயத்துல ஒரு அம்மா குடுத்தாங்க டீச்சர். எங்க அம்மாதான் வாங்கிட்டு வந்தாங்க. பேரு தெரியாது." அவள் என்னைக் காட்டினாள். "இவ அந்த லயந்தான். இவளுக்குத் தெரியும்."

டீச்சர் மைக்கை என் பக்கம் நீட்டினார்.

அம்மா வாசல் ஓரமாக நின்றிருந்தாள். காலை நிறுவை முடிந்ததும் மலையிலிருந்து நேரே வந்திருக்கிறாள். அன்று அவளுக்குப் படங்கு இல்லை. ஒரு சாக்கைக் கட்டிக்கொண்டு போயிருந்தாள். இடுப்புக்குக் கீழே சேலை நனைந்து ஒட்டிக் கிடந்தது. என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். ஒரு கையால் ஈரச் சேலையை இழுத்துச் சரி செய்தாள். மேடைக்கு வருவதற்குத்தான் சரி செய்திருக்கிறாள்.

"தெரியாது டீச்சர்" என்றேன்.

மைக்கில் அது பெரிதாகக் கேட்டது.

சேலையில் இருந்த கையை அம்மா எடுத்துவிட்டாள். பிறகு எல்லாரும் கை தட்டினார்கள், அம்மாவும் தட்டினாள்.

வீட்டுக்குப் போகிற வழியில் பெரியம்மா விடவில்லை.

"ஏன்டி, அது ஒன் படங்குதானே? மஞ்ச ஒட்டப் பாத்தேனே."

நான் முன்னால் நடந்துகொண்டிருந்தேன். காது மட்டும் பின்னால் இருந்தது.

"ஒனக்கு மட்டுந்தான் கண்ணு இருக்கு" என்றாள் அம்மா. "தோட்டத்துல எவ படங்குல ஒட்டு இல்ல? என்னோடது மலையில கெடக்கு."

எனக்கு மூச்சு வந்தது. அம்மா மாட்டிவிடவில்லை. பெரியம்மா தன் வீட்டுக்குள் போனதும் அம்மா என்னிடம், "ஒன் பாவாடை மேடையில நல்லாத் தெரிஞ்சிச்சு" என்றாள். வேறு எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுதிருப்பேன். அதோடு முடிந்திருக்கும்.

மறுநாள் விடியற்காலையில் கணக்கப்பிள்ளை வீட்டுக்குப் போய்ப் படங்கை வாங்கி வந்தாள். முன்பெல்லாம் வீட்டு வாசலில் நின்று கட்டிக்கொண்டுதான் கிளம்புவாள். நானும் மற்றப் பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போகிற பாதையில்தான் கொழுந்து எடுக்கும் பெண்களும் மலைக்கு ஏறுவார்கள். அன்று அம்மா படங்கை மடித்து ஒரு கடைப் பைக்குள் வைத்தாள். தலைத்துண்டையும் வைத்தாள். வெறும் சேலையோடு, தலை வாரி, டவுனுக்குப் போகிறவள் மாதிரி எங்களோடு நடந்தாள். பாதை பிரிகிற இடம் தாண்டி, நாங்கள் கண்ணுக்கு மறைந்த பிறகுதான் கட்டியிருப்பாள். சாயங்காலமும் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டுதான் வந்தாள். நான் பள்ளிக்கூடம் போன காலம் முழுக்க அப்படித்தான்.

முதல் நாளே நான் அதைக் கவனித்தேன்.

"இப்பத்தாம்மா நீ ஸ்டைலா இருக்க" என்றேன்.

அம்மா தலையை ஆட்டினாள்.

ஒருவழியாக அம்மாவுக்கும் உடுத்தத் தெரிந்துவிட்டது, அதுவும் நான் சொல்லிக் கொடுத்து, என்று நினைத்துக்கொண்டேன். அன்று பள்ளிக்கூடம் போய்ச் சேரும் வரை துள்ளிக்கொண்டே போனேன்.