கெட்டி ஆயில்

எஞ்சின் தட்டும் சத்தத்தைக் கெட்டி ஆயில் ஊற்றி அமுக்குகிறவர்களைக் கண்டாலே, எங்கள் பண்டமாரான் கார் பட்டறை முதலாளி கார்த்திகேசுவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"எஞ்சினுக்குள்ள ராட் பேரிங் தேஞ்சு கெடக்கு. சத்தத்த அடக்கிட்டா நோவு போயிடுமா?" என்று கத்துவார்.

போன மாதம் அவர் மனைவி புனிதா மாரடைப்பில் போய்விட்டார். புனிதாவின் தலையணை உறைக்குள் வலி மாத்திரையின் காலி அட்டைகள் கொத்தாகக் கிடந்தனவாம். வலிக்கிறது என்று கணவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

இன்று காலை ஒருவர் காரோடு வந்து சிரித்தார். "கெட்டி ஆயில் ஊத்திட்டேன் பாஸ். இப்ப சத்தமே இல்ல லா."

திட்டு விழப்போகிறதென்று நாங்கள் ஒதுங்கினோம். முதலாளியோ நீளமான ஸ்க்ரூடிரைவரை ஓடும் எஞ்சினில் ஊன்றி, உள்ளே அமுங்கிய சத்தத்தைக் கேட்க அதன் பிடியில் காதை வைத்தார். வெகுநேரம் நிமிரவே இல்லை.